வளர்த்தவர் இறந்த பிறகு நாய்க்கும் பூனைக்கும் யார் பொறுப்பு? திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

2024 ஒக்டோபரில் இந்தியத் தொழிலதிபர் ரத்தன் டாடா காலமான பின், "நாய்க்குச் சொத்து எழுதிவைத்தார்" என்று தலைப்புகள் ஓடின. அதைப் படித்தவர்களுக்கு இரண்டு எண்ணங்கள் வந்திருக்கும். நாய்க்குச் சொத்து எழுத முடியுமா என்பது ஒன்று. நமக்குப் பிறகு நம் வீட்டு நாயின் கதி என்ன என்பது மற்றது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, உவர்மலையிலும் உப்புவெளியிலும் பாலையூற்றிலும் தனியாகவோ இருவராகவோ வாழும் முதியவர்களுக்கு இரண்டாவது கேள்வி மிக அருகில் நிற்கிறது.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: முடியாது, இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை. வெளியான செய்திகளின்படி டாடாவின் விருப்பாவணம் (உயில்) செய்தது வேறு. பராமரிப்பவர் யார் என்று குறித்து, செல்லப்பிராணிகளுக்கென 12 இலட்சம் இந்திய ரூபாயை ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதத்துக்கு 30,000 ரூபாய் வீதம் கொடுக்கச் சொல்கிறது. பணம் மனிதர் கையில்தான் போகிறது. அதுவும் மொத்தமாகப் போகாமல் தவணையாகப் போகிறது. அந்தத் தவணை முறையில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருவோம்.

சட்டம் பார்க்கும் விதம்

இலங்கைச் சட்டத்தில் வளர்ப்புப் பிராணி ஓர் அசையும் சொத்து. கதிரை, சைக்கிள், தங்கச்சங்கிலி எந்த வரிசையிலோ அந்த வரிசையில்தான் நாயும் வருகிறது. கேட்க மனதுக்கு ஒப்பாது. ஆனால் இதிலிருந்துதான் எல்லா விளைவுகளும் பிறக்கின்றன:

1. சொத்தாக இருக்கும் ஒன்று இன்னொரு சொத்தை உடைமையாகப் பெற முடியாது. நாயின் பேரில் வங்கிக் கணக்கு, காணி, காசு எதுவும் எழுத முடியாது.

2. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நம்பிக்கைப் பொறுப்பு ஒன்றின் பயனாளி, சொத்தை வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவராக இருக்க வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு என்பது ஒருவரின் பணத்தை இன்னொருவர் மூன்றாமவரின் நன்மைக்காக வைத்து நடத்தும் ஏற்பாடு. அந்த மூன்றாமவர் இடத்தில் நாயை நிறுத்தினால், பணம் ஒழுங்காகச் செலவாகாதபோது நீதிமன்றம் போக ஆளில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்டம் உண்டு. நியூயோர்க் மாநிலத்தில் 1996இல் வந்தது; 2016இல் மினசோட்டாவும் சேர, 50 மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பத்திரங்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தை நம்பி எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே பிரதி பண்ணினால் பலன் இல்லை.

3. விருப்பாவணம் எழுதாமல் ஒருவர் இறந்தால், நாயும் மற்றச் சொத்தோடு சேர்ந்து வாரிசுகளுக்குப் போகிறது. பொதுச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம்: உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்களுக்குத் தேசவழமை பொருந்தக்கூடும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவது நல்லது, ஏனெனில் வீடும் காணியும்கூட அதன்படிதான் பிரியும்.

மூன்றாவதன் விளைவை நடைமுறையில் பாருங்கள். தந்தை இறக்கிறார், தாய் முன்பே இல்லை. மூன்று பிள்ளைகள் மூன்று நாடுகளில். சட்டப்படி அந்த நாய் மூவருக்கும் சொந்தம். நடைமுறையில் ஒருவருக்கும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டுச் சோறு வைக்கிறார், ஆனால் அவருக்கு உரிமை இல்லை. நாய்க்குச் சத்திரசிகிச்சை தேவை என்றால் சம்மதக் கையெழுத்து வைப்பது யார்? யாரையாவது கடித்தால் பொறுப்பு யாருக்கு? இந்தக் கேள்விகளுக்கு விடையில்லாமல்தான் பல நாய்கள் கடற்கரையிலும், பல பூனைகள் மீன் சந்தையிலும் கொண்டுபோய் விடப்படுகின்றன. வீட்டில் வளர்ந்த நாயைக் கடற்கரையில் விட்டால் அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்து வாழும் நாய்க்கூட்டம் அதைச் சேர்ப்பதில்லை. கடிபட்டு, புண்ணில் புழு வைத்து, சில வாரங்களில் முடிந்துபோகும்.

எல்லா உயிரினமும் இந்தச் "சொத்து" வகைக்குள் வராது. கோட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் வந்து, வாசலில் நின்று பழத்தோல் வாங்கித் தின்னும் புள்ளிமான்களை யாரும் தன்னுடையவை என்று எழுத முடியாது, அவை வனவிலங்குகள். நட்சத்திர ஆமையும் அப்படியே. அது பாதுகாக்கப்பட்ட இனம், வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அதை விருப்பாவணத்தில் எழுதுவது குற்றத்துக்கு எழுத்துமூலச் சாட்சி கொடுப்பதாகிவிடும். அப்படி ஒன்று வளவில் இருந்தால், உயிரோடிருக்கும்போதே வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.

மூன்று காலங்கள்

விருப்பாவணம் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான பிழை. விருப்பாவணத்தை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபித்து, பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, ஆட்சேபனைக்குக் காலம் விட்டு, அதில் எழுதியதைச் செய்து முடிக்கும் நிறைவேற்றுநருக்கு அதிகாரம் கிடைக்க மாதங்கள் செல்லும். நாய்க்கு அன்று மாலையே பசிக்கும். அதனால் ஏற்பாட்டை மூன்றாகப் பிரித்து யோசிக்க வேண்டும்:

1. முதல் 72 மணித்தியாலம். இங்கே சட்டத்துக்கு வேலையில்லை. ஆள், திறப்பு, சாப்பாடு, இந்த மூன்றும்தான்.

2. அடுத்த 6 முதல் 12 மாதங்கள். சொத்து முடங்கிக் கிடக்கும் காலம். கையில் பணம் தேவை.

3. அதன் பிறகு பிராணி வாழும் ஆண்டுகள். உரிமை மாற்றமும் விருப்பாவணமும் இங்கேதான் பயன் தருகின்றன.

மூன்றில் முதலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

மரண வீட்டில் ஒரு பிராணி

நம் ஊர் மரண வீட்டை நாயின் உயரத்திலிருந்து பாருங்கள். காலையிலிருந்து கேற் இரண்டு பக்கமும் அகலத் திறந்து கிடக்கிறது. பந்தல் போடுபவர்கள், கதிரை இறக்குபவர்கள், முன்பின் தெரியாத நூறு கால்கள். அழுகுரல். பிறகு பறை. பிரேதம் எடுக்கும்போது சில இடங்களில் வெடி. வாழ்நாள் முழுக்கக் கேற்றைத் தாண்டாத நாய்கூட அந்த வெடிச் சத்தத்தில் ஓடிவிடும். ஓடியது தெரிய வருவது அடுத்த நாள்தான். ஓடாத நாயைச் சங்கிலியில் பின்பக்கம் கட்டிவிடுவார்கள். பயந்து, கட்டுண்டு, தன் ஆளைத் தேடும் நாய், இரக்கத்தோடு தடவ வரும் உறவுக்காரப் பிள்ளையைக் கடிக்கும்.

அடுத்தது சாப்பாடு. சைவ வீட்டில் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர் கொண்டுவரும் பார்சல் மனிதருக்குக் கணக்குப் பார்த்து வருகிறது. வீட்டுச் சோற்றில் வளரும் நாய்க்கு அன்று சோறே இல்லை. பூனையின் நிலை இன்னும் மோசம். எட்டுச் செலவு வரைக்கும், பல வீடுகளில் அந்தியேட்டி வரைக்கும், மீன் உள்ளே வராது. மீன் தவிர வேறெதுவும் தொடாத பூனை, பருப்புச் சோற்றை மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பருமனான பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் படிந்து ஈரல் செயலிழக்கும் ஆபத்து இருக்கிறது. துக்கத்தில் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிடும் என்று விட்டுவைக்க முடியாத நோய் அது.

எனவே முதல் மூன்று நாட்களுக்கான ஏற்பாடு:

1. ஐந்து நிமிட நடைத் தூரத்தில் வசிக்கும் ஒருவரிடம் வீட்டுத் திறப்பின் இரண்டாம் பிரதி இருக்க வேண்டும். அவர் நிரந்தரப் பராமரிப்பாளராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நாய் அவரை அறிந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது அவர் கையால் அது சாப்பிட்டிருக்க வேண்டும்.

2. அவர் முதலில் செய்ய வேண்டியது, கூட்டம் சேரும் முன்பே பிராணியைத் தன் வீட்டுக்கோ பூட்டக்கூடிய ஓர் அறைக்கோ மாற்றுவது. கழுத்துப்பட்டியில் தொலைபேசி எண் எழுதியிருக்க வேண்டும். பூனையென்றால் மூடிய கூடையில்தான் கொண்டுபோக வேண்டும்; கையில் தூக்கிக்கொண்டு போனால் ஒழுங்கை முனைக்குள் நழுவிவிடும்.

3. ஒரு வாளியில் பத்து நாளுக்கான உலர் உணவு, இறுக மூடி, எப்போதும் தயாராக. திருகோணமலையின் கடற்காற்றில் திறந்த பை ஒரு மாதத்தில் நமத்துவிடும், எறும்பும் வந்துவிடும். அதனால் வாளியில் உள்ளதை அவ்வப்போது உண்ணக் கொடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். சோறும் மீனும் மட்டுமே தின்று பழகிய பிராணிக்கு, இன்றே வாரம் இருமுறை உலர் உணவையும் சேர்த்துப் பழக்குங்கள்.

4. விசர்நாய்த் தடுப்பூசி அட்டை அந்த வாளியின் மூடிக்குள் ஒட்டியிருக்கட்டும். கடி நடந்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த அட்டைதான். கடித்த பிராணியை 10 முதல் 14 நாட்கள் உயிரோடு கண்காணிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. மரண வீட்டுப் பதற்றத்தில் அதை அடித்துத் துரத்திவிட்டால், கடிபட்டவருக்குத்தான் முழுச் சிகிச்சைச் சுமையும்.

இதே ஏற்பாடு சாவுக்கு மட்டும் உரியதல்ல. தனியாக இருப்பவரை 1990 அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போய், அவர் இரண்டு வாரம் வாட்டில் கிடந்தால், பூட்டிய வீட்டுக்குள் பூனை என்ன செய்யும்? தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு சின்ன அட்டை வையுங்கள்: "என் வீட்டில் ஒரு நாய், இரண்டு பூனைகள் இருக்கின்றன. இந்த எண்ணுக்கு உடனே சொல்லவும்." வைத்தியசாலை ஊழியர் உறவினரைத் தேடும்போது முதலில் பார்ப்பது அடையாள அட்டையைத்தான்.

நிரந்தரப் பராமரிப்பாளரைத் தெரிவது

"என் தங்கச்சி பார்ப்பாள்" என்பது ஏற்பாடு ஆகாது. தங்கச்சிக்குத் தெரியுமா? அவளின் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? வாடகை வீடென்றால் வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிப்பாரா? மருமகனுக்கு நாய் பிடிக்காது என்பது மரணத்தின் பின் வெளிவந்தால், நாய் மூன்றாம் நாளே தெருவில். எனவே ஆளிடம் நேரே கேட்டு, அந்த வீட்டில் உள்ள எல்லோர் முன்னாலும் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது ஆளையும் அதே மாதிரி. முதலாமவர் உங்கள் வயதையொத்தவர் என்றால் இரண்டாமவர் கட்டாயம் தேவை. நாய் 10 முதல் 13 ஆண்டுகள் வாழும், வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டுகளையும் தாண்டும், பெரிய கிளியினங்கள் மனிதரைப் போலவே நெடுங்காலம் இருக்கும். 70 வயதில் கொக்கட்டூ வாங்குபவர், அதைப் பேரப்பிள்ளையின் பொறுப்பிலும் சேர்த்தே வாங்குகிறார்.

ஏற்றுக்கொண்டவரின் வீட்டில் பிராணியை இரண்டு இரவு விட்டுப் பாருங்கள். அங்கே மதில் எவ்வளவு உயரம், அவர்களின் நாயோடு ஒத்துப்போகிறதா, இரவில் ஊளையிடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கருத்தடை செய்யாத பெட்டை நாயை ஏற்கப் பலர் தயங்குவார்கள். அந்தச் சத்திரசிகிச்சையை நீங்கள் இருக்கும்போதே செய்துவிடுவது, அதன் எதிர்காலத்துக்கு நீங்கள் செய்யும் மிகப் பெரிய உதவி.

காப்பகத்தில் விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை முதல் திட்டமாக வைக்க வேண்டாம். காப்பகங்கள் எங்குமே நிரம்பி வழிகின்றன. காயப்பட்ட தெருப் பிராணிகளுக்கே இடம் போதவில்லை. விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், இப்போதே போய்ப் பார்த்து, வயது முதிர்ந்த வளர்ப்பு நாயை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் மாறிய பிறகு வரும் தொல்லை ஒன்றையும் பராமரிப்பாளர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஒரே ஊருக்குள் கொண்டுபோன பூனை பழைய வீட்டுக்கே திரும்பிப் போகும். பூட்டிய வீட்டின் படியில் காத்திருந்து மெலிந்துபோகும். இதைத் தடுக்க ஒரே வழி, புது வீட்டில் ஓர் அறைக்குள் இரண்டு முதல் மூன்று வாரம் அடைத்து வைத்து, பழைய வீட்டுத் துணியொன்றைப் படுக்கையில் போட்டு, நேரம் தவறாமல் அங்கேயே சாப்பாடு கொடுப்பதுதான். நாயையும் முதல் மூன்று வாரம் வாரில் பிடித்துத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும்.

ஒரு பக்கக் குறிப்பு

பராமரிப்பாளரிடம் கொடுக்க வேண்டியது ஒரேயொரு பக்கம். நீண்டால் படிக்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. அடையாளம்: வயது, நிறம், தழும்பு, இரண்டு பக்கப் புகைப்படம், மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தால் அதன் 15 இலக்க எண்.

2. உணவு, அளவோடு. "கொஞ்சம் சோறு" என்று எழுதக் கூடாது. கருத்தடை செய்த, நடுத்தர உடலமைப்புள்ள 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கிலோகலோரி வேண்டும். உலர் உணவென்றால் ஏறத்தாழ 240 கிராம். வீட்டுச் சமையலென்றால் சமைத்த சோறு 400 கிராம், முள் நீக்கிய மீன் அல்லது எலும்பு நீக்கிய கோழி 250 கிராம், இரண்டு நேரமாகப் பிரித்து. 4 கிலோ பூனைக்கு உலர் உணவு 60 முதல் 65 கிராம். உணவை மாற்றுவதென்றால் ஏழு நாளில் காற்பங்கு காற்பங்காகக் கூட்ட வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றோட்டம்.

3. கொடுக்கக் கூடாதவை: வெங்காயமும் உள்ளியும் கலந்த குழம்புச் சோறு, சமைத்த கோழி எலும்பு, சொக்லேட், திராட்சை. காய்ச்சலுக்கென்று பனடோல் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அரைக் குளிசையும் உயிரைப் பறிக்கும்.

4. நோய்: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எந்த மிருக வைத்தியர் பார்க்கிறார். உண்ணிக்கு என்ன மருந்து, கடைசியாக எந்தத் திகதி. நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் நாய்களை அடிக்கடி கொல்லும் நோய். முரசு வெளிறுதல், சோர்வு, சிறுநீர் கோப்பி நிறத்தில் போதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். "ஆளை நினைத்து ஏங்குது" என்று ஒரு வாரம் விட்டுவைத்த நாய்களில் சில உண்மையில் உண்ணிக் காய்ச்சலோடு இருந்தவை. ஏக்கத்துக்கு முரசு வெளிறாது.

5. பழக்கம்: வெடிக்குப் பயமா, மோட்டார் சைக்கிளைத் துரத்துமா, சாப்பிடும்போது தொட்டால் கடிக்குமா. கடிக்கும் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் ஒரு கடியோடு அந்தப் பிராணிக்கு அந்த வீடு இல்லாமற் போய்விடும்.

பணம்: எவ்வளவு, யார் கையில்

கணக்கு எளிது. மாதச் செலவை 12ஆல் பெருக்கி, பிராணிக்கு எஞ்சியிருக்கக் கூடிய ஆண்டுகளால் பெருக்கி, நோய்க்கென ஒரு தொகையைச் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு மாதம் 12,000 ரூபா, எஞ்சியது 6 ஆண்டுகள் என்றால் 8,64,000 ரூபா. நோய்க்கு 1,50,000 சேர்த்தால் 10,14,000. இது இன்றைய விலையில். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்ததை மறக்கக் கூடாது. ஆகவே தொகையை வட்டி வரும் வைப்பில் வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் போடுங்கள். அவ்வளவு வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். முதல் ஆண்டுச் செலவும் நோய்த் தொகையும் இருந்தாலே ஏற்பவரின் தயக்கத்தில் பாதி போய்விடும்.

மிக அதிகமாக வைப்பதும் ஆபத்து. 2007இல் இறந்த நியூயோர்க் ஹோட்டல் அதிபர் லியோனா ஹெல்ம்ஸ்லி தன் நாய்க்கென 1 கோடி 20 இலட்சம் டொலர் ஒதுக்கினார். 2008இல் நீதிமன்றம் அதை 20 இலட்சமாக வெட்டியது. நாய்ப் பராமரிப்புக்குத் தனிச் சட்டம் உள்ள இடத்திலேயே அப்படி. இங்கே வாரிசுகளுக்கு மனக்கசப்பு வரும் அளவுக்குத் தொகை போனால், வழக்கு முடியும்வரை ஒரு சதமும் வெளியே வராது.

யார் கையில் என்பதுதான் கடினமான பகுதி. மொத்தத்தையும் பராமரிப்பாளரிடம் கொடுத்தால், நாய் அடுத்த மாதமே "காணாமற் போனாலும்" பணம் அவரிடம்தான். ஆகவே இரண்டு பேர் வேண்டும்: நாயை வைத்திருப்பவர் ஒருவர், பணத்தை வைத்திருப்பவர் வேறொருவர். பணம் வைத்திருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாயை நேரில் பார்த்து, அல்லது வட்ஸ்அப் காணொளி அழைப்பில் பார்த்து, தவணையைக் கொடுப்பார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு இந்த வேலை மிகப் பொருத்தம். மைக்ரோசிப் எண்ணும் புகைப்படமும் இருந்தால் வேறு நாயைக் காட்டி ஏமாற்ற முடியாது.

பிராணி இறந்தபின் மிஞ்சும் பணம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். அது பராமரிப்பாளருக்கே போகும் என்றால், நாய் சீக்கிரம் இறப்பதில் அவருக்கு இலாபம் இருக்கிறது. நல்ல மனிதரைக்கூட அந்த நிலையில் நிறுத்தக் கூடாது. மிச்சத்தைப் பேரப்பிள்ளைக்கோ பிராணிநலப் பணிக்கோ எழுதிவிட்டு, பராமரிப்பாளருக்கு ஆண்டுதோறும் ஒரு தனி நன்றித்தொகை கொடுப்பது நல்லது.

இடைப்பட்ட மாதங்களுக்கு: இறந்தவரின் பேரில் மட்டும் உள்ள கணக்கு, மரணம் வங்கிக்குத் தெரிந்ததும் முடங்கும். அவரின் ஏ.ரி.எம். அட்டையில் காசெடுத்து நாய்க்குச் சாப்பாடு வாங்குவதும் பின்னர் வாரிசுகளிடையே பிரச்சினையாகும். இரண்டு வழிகள் உண்டு. பணம் வைத்திருப்பவரோடு சேர்ந்து, எஞ்சியிருப்பவர் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு ஒரு சிறு கூட்டுக் கணக்கு. அல்லது உங்கள் கணக்குக்கு அவரைப் பெயர் நியமனம் செய்வது. நியமிக்கப்பட்டவர் மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு போனால் வங்கி நேரடியாகப் பணம் கொடுக்க முடியும்.

அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம்) கொடுத்திருக்கிறேன், அது போதாதா என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. கொடுத்தவரின் கடைசி மூச்சோடு அதுவும் செத்துவிடும்.

விருப்பாவணத்தில் எழுதும் முறை

இலங்கையில் விருப்பாவணம் செல்லுபடியாக இரண்டு வழிகள்: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கக் கையெழுத்திடுவது, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருப்பது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. கடிதமும் வட்ஸ்அப் குரல்பதிவும் விருப்பாவணம் ஆகாது. பராமரிப்பாளரையோ அவரின் கணவன், மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள். அவருக்கு எழுதியது பலனற்றுப் போகலாம்.

வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்; சட்டத்தரணி திருத்தித் தருவார்:

"என் மரணத்தின்போது என் பராமரிப்பில் உள்ள வளர்ப்புப் பிராணிகள் யாவற்றையும் இன்னாருக்கு உடைமையாகக் கொடுக்கிறேன். அவர் ஏற்காவிடின் அல்லது ஏற்க இயலாவிடின் இன்னாருக்கு. அவற்றின் பராமரிப்புக்காக இவ்வளவு ரூபாவை இன்னாரிடம் ஒப்படைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவ்வளவு வீதம் பராமரிப்பாளருக்கு வழங்குமாறு பணிக்கிறேன். பிராணிகள் யாவும் இறந்தபின் எஞ்சும் தொகை இன்னாருக்கு உரியதாகும்."

கவனிக்க வேண்டியவை:

1. "என் நாய் பிறவுணி" என்று பெயர் சொல்லி எழுதினால், பிறவுணி இறந்து வேறு நாய் வந்தபின் அந்த வாசகம் காற்றில் போகும்.

2. உணவு, மருந்து விவரங்களை விருப்பாவணத்துக்குள் எழுத வேண்டாம். அவை மாறும், மாறும்போதெல்லாம் புதிதாக ஐந்து சாட்சி தேட முடியாது.

3. "என்னோடு சேர்த்து அதையும் மருந்து போட்டு அனுப்பிவிடுங்கள்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அன்பினால்தான் எழுதுகிறார்கள். ஆனால் நல்ல உடல்நிலையில் உள்ள பிராணி புது வீட்டில் பழகிக்கொள்ளும். பெரும்பாலானவை சில மாதங்களில் நன்றாகவே பழகும். வைத்தியர் மறுக்கவும் கூடும்.

விருப்பாவணம் எழுத மனமில்லாதவர்களுக்கு நேரான வழி ஒன்றும் உண்டு. பிராணி அசையும் சொத்து என்பதால், உயிரோடிருக்கும்போதே அதைக் கையளித்து உரிமையை மாற்றலாம், நொத்தாரிசு தேவையில்லை. நடமாட முடியாமற் போன ஒருவர், திகதியிட்ட கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டு, தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் பெயரை மாற்றி, நாயைக் கொடுத்துவிட்டால், நீதிமன்றத்தின் பக்கம் போகாமலே காரியம் முடிந்துவிடும்.

பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?

பலர் இதை நம்பி வேறு ஏற்பாடே செய்வதில்லை. ஆனால் விசர்நோய் உள்ள நாடு என்பதால் இலங்கையிலிருந்து போகும் பிராணிக்கு விதிகள் கடுமை.

பிரித்தானியாவுக்கு: முதலில் மைக்ரோசிப், அதன் பிறகே விசர்நோய்த் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் அளவு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாயென்றால் புறப்படும் முன் நாடாப்புழு மருந்து. எல்லாம் சேர்த்து நான்கு மாதத்துக்குக் குறையாது. பிரான்ஸ், ஜேர்மனிக்கும் இதே மூன்று மாதக் காத்திருப்பு. மைக்ரோசிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. இந்த ஒரு வரிசைப் பிழையால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். அவுஸ்திரேலியா இலங்கையிலிருந்து நேரடியாக ஏற்பதில்லை.

கனடாவில் சிக்கல் வேறு விதம். விசர்நோய் ஆபத்து அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. அந்த நாடுகளிலிருந்து "வணிக வகை" நாய்களை 2022 செப்டெம்பர் 28 முதல் கனடா ஏற்பதில்லை. விற்பனைக்குப் போகும் நாய் மட்டுமல்ல, தத்தெடுக்கப்படுவதற்காகப் போகும் நாயும் அந்த வகைக்குள் வருகிறது. அப்பா இறந்தபின் யாரோ ஒருவர் மூலம் விமானத்தில் ஏற்றி அனுப்பச் சொன்னால், அது சொந்த வளர்ப்பு நாய் என்று காட்டுவது கடினம். ரொறன்ரோவில் இருக்கும் மகள் நாயைக் கொண்டுபோகத்தான் போகிறாள் என்றால், அவள் விடுமுறைக்கு வரும்போதே உரிமையை அவள் பேருக்கு மாற்றி, மைக்ரோசிப் பதிவிலும் தடுப்பூசி அட்டையிலும் அவள் பெயரைப் போட்டுவிடுங்கள். அதன் பின்னும், அவள் வந்து சேரும்வரை நாயைத் தன் வீட்டில் வைத்திருக்க இங்கே ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மகளிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.